யாரும் கண்டுகொள்ளாத இன்டரப்ட்

டிரைவர் எழுதுகிறவர்களுக்கான கேள்வி-பதில்

இந்த முறை தபாலில் இன்டரப்ட் கேள்விகள்தான் அதிகம். இன்டரப்ட் என்பது "என்னைக் கவனி" என்று ஒரு டிவைஸ் சிபியுவுக்குக் கொடுக்கும் சைகை. அது வரும் கோட்டின் எண் ஐஆர்க்யூ. அது வந்ததும் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) கூப்பிடும் டிரைவர் ஃபங்ஷன்தான் ஹேண்ட்லர். எழுதியவர்களில் பெரும்பாலோர் லினக்ஸில் வேலை செய்கிறவர்கள் என்பதால் பதில்களும் லினக்ஸை ஒட்டியே இருக்கும். கேள்விகளைக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: பிசிஐ ஸ்லாட்டில் செருகும் ஒரு டேட்டா அக்விசிஷன் கார்டுக்கு டிரைவர் எழுதியிருக்கிறேன். ஓடும்போது ஒரு பிரச்சினையும் இல்லை. ஆர்எம்மாட் செய்து டிரைவரைக் கழற்றினால் சில நொடிகளில் கெர்னல் லாகில் "ஐஆர்க்யூ 16: நோபடி கேர்டு" (யாரும் கண்டுகொள்ளவில்லை) என்று வருகிறது, அடுத்த வரிகளில் அந்த ஐஆர்க்யூவை மூடிவிட்டதாகவும் சொல்கிறது. அதே 16-இல் இருக்கும் யுஎஸ்பி மவுஸ் அதன் பிறகு இழுத்து இழுத்து நகர்கிறது. என் டிரைவர்தான் மெமரியிலேயே இல்லையே, பழி என் மேல் எப்படி வரும்? "ஹேண்ட்லரில் எப்போதும் ஐஆர்க்யூ_ஹேண்டில்டு (கவனித்தாயிற்று) என்றே திருப்பிவிடு, செய்தி வராது" என்கிறார் உடன் வேலை செய்பவர்.
— கார்டு டிரைவர் எழுதும் வாசகர்

பதில்: நீங்கள் டிரைவரைக் கழற்றினீர்கள், கார்டைக் கழற்றவில்லை. அது ஸ்லாட்டிலேயே இருந்துகொண்டு சாம்பிள் எடுக்கிறது. ஃபிஃபோ (வந்த டேட்டா வரிசையில் காத்திருக்கும் இடம்) நிரம்பியதும் வழக்கம்போல இன்டரப்ட் கோட்டைக் கீழே இழுக்கிறது. பழைய பிசிஐ கோடு லெவல் வகை. கார்டுக்குள் இருக்கும் ஸ்டேட்டஸ் பிட்டை யாராவது அழிக்கும்வரை கோட்டை விடாது. அந்தக் கோட்டில் இப்போது மிச்சமிருப்பது யுஎஸ்பி டிரைவர் மட்டும். கெர்னல் அதைக் கூப்பிடுகிறது. அது தன் கன்ட்ரோலரைப் பார்த்துவிட்டு, "என்னுடையது இல்லை" என்று ஐஆர்க்யூ_நன் திருப்புகிறது. பாவம், உண்மையைத்தான் சொல்கிறது. சிபியு ஹேண்ட்லரைவிட்டு வெளியே வந்தால் கோடு இன்னும் கீழேயே கிடக்கிறது; உடனே மறுபடி உள்ளே.

கெர்னல் இதை எண்ணிக்கொண்டே வருகிறது. ஒரு லட்சம் இன்டரப்டில் 99,900-க்கு மேல் யாரும் உரிமை கோராவிட்டால் அந்தக் கோட்டை மூடிவிடும். மூடியதும் ஒரு டைமர் வைத்து, நொடிக்குப் பத்து முறை அளவில் அந்தக் கோட்டின் ஹேண்ட்லர்களைக் கூப்பிட்டுப் பார்க்கும். மவுஸ் அடியோடு நின்றுபோகாமல் இழுத்து இழுத்து நகர்வது அதனால்தான்.

நண்பரின் யோசனை உங்கள் விஷயத்தில் வேலைக்கே ஆகாது. கழற்றிய பிறகு எதையும் திருப்ப உங்கள் ஹேண்ட்லரே அங்கே இல்லை. பொதுவாகவும் அது மோசமான யோசனை. உங்களுடையது அல்லாத இன்டரப்டுக்கும் "என்னுடையதுதான்" என்று சொன்னால் கெர்னலின் எண்ணிக்கை ஏறாது. செய்தி வராது, உண்மை. பக்கத்து டிவைஸ் கோட்டைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருக்கும் நாளில் கோடு மூடப்படவும் செய்யாது. லாகில் ஒரு வரிகூட இல்லாமல் மெஷின் உறைந்து நிற்கும். அதைவிட இந்தச் செய்தி எவ்வளவோ மேல்.

ரிமூவ் ஃபங்ஷனில் வரிசையைப் பாருங்கள். முதலில் கார்டின் இன்டரப்ட் எனேபிள் ரெஜிஸ்டரை அணைக்க வேண்டும். அடுத்து அதே ரெஜிஸ்டரை ஒருமுறை படிக்க வேண்டும். அதன் பிறகுதான் ஹேண்ட்லரை நீக்கும் ஃப்ரீ_ஐஆர்க்யூ. அதற்கும் பிறகுதான் மெமரியை விடுவிப்பது. நடுவில் அந்தப் படிப்பு எதற்கு என்று கேட்பீர்கள். பிசிஐயில் எழுதுவது உடனே போய்ச் சேராது, வழியில் பிரிட்ஜில் தங்கலாம். சிபியு "எழுதியாயிற்று" என்று நகர்ந்துவிடும். படிக்கும்போது, முன்னால் எழுதியவை எல்லாம் போய்ச் சேர்ந்த பிறகே விடை திரும்பி வரும்.

இதே விஷயம் ஹேண்ட்லருக்குள்ளும் உண்டு. திரும்புவதற்குச் சற்று முன்னால் ஸ்டேட்டஸை அழித்தால், அந்த எழுத்து கார்டைச் சேர்வதற்குள் சிபியு வெளியே வந்து, கோடு கீழே இருப்பதைப் பார்த்து, மறுபடி உங்களைக் கூப்பிடும். இம்முறை ஸ்டேட்டஸ் பூஜ்யம். நீங்கள் ஐஆர்க்யூ_நன் திருப்புவீர்கள். /ப்ராக்/ஐஆர்க்யூ/16/ஸ்பூரியஸ் கோப்பைத் திறந்து பாருங்கள். உரிமை கோராதவற்றின் எண்ணிக்கை சும்மா ஏறிக்கொண்டிருந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். இரண்டில் ஒன்று இப்படிப் போனாலும் 99,900-ஐ எட்டாது என்பதால் கோடு மூடப்படாது. ஆனால் ஒவ்வொரு இன்டரப்டுக்கும் இரண்டு முறை போய்வருகிறீர்கள்.

கார்டுதான் கோட்டை இழுக்கிறதா என்று உறுதிசெய்ய எல்எஸ்பிசிஐ கட்டளையை -விவி போட்டு ஓட்டுங்கள். ஸ்டேட்டஸ் வரியின் கடைசியில் ஐஎன்டிஎக்ஸ் என்பதற்குப் பக்கத்தில் கூட்டல் குறி இருந்தால் அந்த டிவைஸ் இன்டரப்ட் கேட்டுக்கொண்டிருக்கிறது. டிரைவரே இல்லாத டிவைஸையும் இது காட்டிக்கொடுக்கும்.

இன்னொன்று. கெர்னலை டீபக் எஸ்ஹெச்ஐஆர்க்யூ வசதியோடு பில்ட் செய்து ஒருமுறை சோதியுங்கள். ஷேர்டு இன்டரப்டை விடுவிக்கும்போது கெர்னல் வேண்டுமென்றே உங்கள் ஹேண்ட்லரை இன்னொரு தடவை கூப்பிடும். பஃபரை முன்பே விடுவித்திருந்தால் அங்கேயே குப்புற விழுவீர்கள். டெவ்எம் வகை (தானாகவே விடுவித்துக்கொள்ளும்) ரெக்வெஸ்ட்டைப் பயன்படுத்திவிட்டு பஃபரை மட்டும் கையால் விடுவிக்கிறவர்கள் இதில் அடிக்கடி மாட்டுகிறார்கள்: ரிமூவ் முடிந்த பிறகுதான் டெவ்எம் ஐஆர்க்யூவை விடுவிக்கும், பஃபரோ அதற்கு முன்பே போயிருக்கும்.

கேள்வி: ஹேண்ட்லர் சுருக்கமாக இருக்க வேண்டும் என்று எல்லாப் புத்தகமும் சொல்கிறது. எவ்வளவு சுருக்கம் என்று ஒன்றுமே சொல்வதில்லை. ஒரு எண் சொல்லுங்களேன்.
— இறுதியாண்டு மாணவி

பதில்: அந்த எண் உங்கள் சிப்பின் டேட்டாஷீட்டில் இருக்கிறது. ஒன்றை எடுத்துக் கணக்குப் போடுவோம். 16550 யுஆர்ட் (சீரியல் போர்ட்) சிப்பில் உள்வரும் ஃபிஃபோ 16 பைட். வேகம் 115200 பாட், அதாவது நொடிக்கு அத்தனை பிட். ஸ்டார்ட், ஸ்டாப் பிட்களோடு சேர்த்து ஒரு பைட்டுக்குப் பத்து பிட். அதாவது 87 மைக்ரோ நொடிக்கு ஒரு பைட். ட்ரிகரை (எத்தனை பைட் சேர்ந்ததும் இன்டரப்ட் என்ற அளவை) 14-இல் வைத்தால், இன்டரப்ட் வரும்போது ஃபிஃபோவில் மிச்சமிருப்பது இரண்டு பைட் இடம். 174 மைக்ரோ நொடியில் அது நிரம்பிவிடும். இன்னொரு பைட் ஷிஃப்ட் ரெஜிஸ்டரில் தொற்றிக்கொண்டிருக்கலாம். அதற்கும் அடுத்தது வந்தால் ஓவர்ரன், ஒரு பைட் போச்சு. ட்ரிகரை 8-இல் வைத்தால் எட்டு பைட் இடம், கிட்டத்தட்ட 700 மைக்ரோ நொடி கிடைக்கும். அதற்கு ஈடாக இன்டரப்ட் அடிக்கடி வரும்.

இந்த அவகாசம் உங்கள் ஹேண்ட்லர் ஓடி முடிப்பதற்கு மட்டுமல்ல, ஓட ஆரம்பிப்பதற்கும் சேர்த்துத்தான் என்பதைக் கவனியுங்கள். அந்த சிபியுவில் வேறு எந்த டிரைவராவது இன்டரப்டை அணைத்துவிட்டு நேரம் கடத்தினால் பைட் போவது உங்களுக்கு. சுருக்கமாக எழுதுவது அடுத்தவருக்காக.

சரி, நீளம் என்றால் என்ன என்பதற்கும் ஒரு கணக்கு. ஹேண்ட்லருக்குள் ஒரு பிரின்ட்கே (லாகில் எழுதும் ஃபங்ஷன்) போடுகிறீர்கள். கன்சோல் 115200 பாட் சீரியலில் இருக்கிறது, எழுத்துகள் நேராக அங்கே போகின்றன. 80 எழுத்து வரி ஒன்றுக்கு ஏறக்குறைய 7 மில்லி நொடி. பத்து கிகாபிட் ஈத்தர்நெட்டில் மிகச் சிறிய ஃப்ரேம்கள் 67 நானோ நொடிக்கு ஒன்று வர முடியும். நீங்கள் "ஹேண்ட்லருக்குள் வந்தேன்" என்று ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் பக்கத்து நெட்வொர்க் கார்டின் வாசலில் ஒரு லட்சம் ஃப்ரேம் வந்து நிற்கலாம். டீபக் செய்ய கெர்னலிலேயே எஃப்ட்ரேஸ் வசதி இருக்கிறது. ட்ரேஸ்_பிரின்ட்கே மெமரியில் இருக்கும் பஃபரில் எழுதிவிட்டுத் திரும்பிவிடும்.

கேள்வி: இன்டரப்ட் ஹேண்ட்லருக்குள் ஏன் தூங்கக் கூடாது என்று நேர்முகத் தேர்வில் கேட்டார்கள். "மெதுவாகிவிடும்" என்றேன். அவர் முகமே சரியில்லை.
— வேலை தேடும் வாசகர்

பதில்: முகம் சரியாக இருக்காதுதான். தூங்குவது என்றால் ஒன்றுக்காகக் காத்துக்கொண்டு சிபியுவை விட்டுக்கொடுப்பது. ஹேண்ட்லருக்கென்று சொந்தமாக ஒரு ப்ராசஸ் கிடையாது. அந்த நேரத்தில் சிபியுவில் எது ஓடிக்கொண்டிருந்ததோ அதன் முதுகில் ஏறி ஓடுகிறது. நீங்கள் தூங்கினால் ஷெட்யூலர் தூங்கவைப்பது சம்பந்தமே இல்லாத அந்த ப்ராசஸை. உங்களை மறுபடி எழுப்புவதற்குத் தனியாக ஒரு ஆள் இல்லை. லினக்ஸ் இதைக் கண்டால் "ஷெட்யூலிங் வைல் அடாமிக்" என்று கத்தும். ம்யூடெக்ஸ் வகை லாக், யூசர் மெமரிக்கு நகலெடுப்பது, ஜிஎஃப்பி_கெர்னல் கொடுத்து மெமரி கேட்பது எல்லாமே தூங்கக்கூடியவை. ஜிஎஃப்பி_அடாமிக் தூங்காது, ஆனால் கைவிரிக்கும். நல் (வெற்று முகவரி) வந்ததா என்று பார்த்தே ஆக வேண்டும். என்னைக் கேட்டால் வேண்டிய பஃபரை, டிவைஸை முதலில் தயார்செய்யும் ப்ரோபிலேயே வாங்கி வைத்துவிடுங்கள்.

கேள்வி: ஐ2சி பஸ்ஸில் (சிப்களை இணைக்கும் இரு கம்பித் தடத்தில்) ஒரு மோஷன் சென்சார். அதன் இன்டரப்ட் பின்னை ஜிபிஐஓவில் (பொதுப் பயன்பாட்டுப் பின்னில்) இணைத்து, ஃபாலிங் எட்ஜில் (பின் மேலிருந்து கீழே இறங்கும் கணத்தில்) த்ரெடட் ஹேண்ட்லர், அதாவது தனி த்ரெட்டில் ஓடுவதால் தூங்க முடிகிற வகை, வைத்திருக்கிறேன். சில மணி நேரம் ஒழுங்காக ஓடுகிறது, பிறகு இன்டரப்ட் வருவதே நின்றுவிடுகிறது. /ப்ராக்/இன்டரப்ட்ஸில் வந்த இன்டரப்டுகளின் எண்ணிக்கை நகர்வதில்லை. மல்டிமீட்டரில் பார்த்தால் பின் கீழேயே இருக்கிறது. சென்சார் கெட்டுவிட்டதா?
— எம்பெடட் துறை வாசகர்

பதில்: மல்டிமீட்டரை எடுத்தீர்கள் பாருங்கள், அதிலேயே பாதி விடை வந்துவிட்டது. சென்சார் நன்றாக இருக்கிறது. உங்களைக் கூப்பிட்டபடியே இருக்கிறது. எட்ஜை மட்டும் கவனிக்கச் சொன்னதால் ஜிபிஐஓ கன்ட்ரோலருக்குக் காது கேட்கவில்லை. லெவல் என்பது குழந்தை அழுவது மாதிரி, தூக்கும்வரை நிற்காது. எட்ஜ் என்பது ஒரு கைதட்டல். அந்த நொடியில் கேட்டால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

நடப்பது இது. பின் கீழே இறங்குகிறது, எட்ஜ் பதிவாகிறது, உங்கள் த்ரெட் எழுந்து ஸ்டேட்டஸைப் படிக்கிறது, ஆறு பைட் டேட்டாவைப் படிக்கிறது. ஐ2சி 400 கிலோஹெர்ட்ஸ் என்றால் முகவரி பைட்களையும் சேர்த்து ஒன்பது பைட், ஒவ்வொன்றுக்கும் ஒன்பது க்ளாக், ஆக சுமார் 200 மைக்ரோ நொடி. சென்சார் நொடிக்கு ஆயிரம் சாம்பிள் எடுத்தால் இடைவெளி 1000 மைக்ரோ நொடி. தாராளமாக இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் என்றோ ஒருநாள் உங்கள் த்ரெட் எழுந்திருக்கத் தாமதமாகும், அல்லது அதே பஸ்ஸில் இன்னொரு சிப் நீளமாகப் பேசிக்கொண்டிருக்கும். நீங்கள் படித்து முடிப்பதற்குள் அடுத்த சாம்பிள் வந்துவிடும். பின் மேலே ஏறவே ஏறாது. ஏறாத பின் மறுபடி இறங்கவும் முடியாது. இனி எட்ஜ் என்று ஒன்று எந்தக் காலத்திலும் வராது.

ஆயிரத்தில் ஒரு சாம்பிள் தொலைந்தால் தாங்கிக்கொள்ளலாம். இங்கே ஒரே ஒரு எட்ஜ் தொலைந்ததும் எல்லாமே நின்றுவிடுகிறது. எட்ஜ் வகையைப் பார்த்தாலே எனக்குச் சந்தேகம் வருவது இதனால்தான்.

கன்ட்ரோலர் அனுமதித்தால் லெவல் லோவுக்கு மாற்றுங்கள், கூடவே ஐஆர்க்யூஎஃப்_ஒன்ஷாட் போடுங்கள். த்ரெட் முடியும்வரை கோடு மாஸ்க் ஆகியிருக்கும், அதாவது தற்காலிகமாக மூடியிருக்கும். ஒன்ஷாட் இல்லாவிட்டால், த்ரெட்டை எழுப்பும் முதல் ஹேண்ட்லர் திரும்பியதுமே லெவல் மறுபடி அடிக்கும், த்ரெட்டுக்கு ஓட இடமே கிடைக்காது. அதனால்தான் முதல் ஹேண்ட்லர் நல் ஆக இருந்து ஒன்ஷாட்டும் இல்லை என்றால் பெரும்பாலான கன்ட்ரோலர்களில் கெர்னல் பதிவு செய்யவே மறுக்கிறது.

எட்ஜ் மட்டும்தான் என்றால், ஸ்டேட்டஸ் பூஜ்யம் ஆகும்வரை ஹேண்ட்லருக்குள் சுற்றி வாருங்கள். ஒரு இன்டரப்டுக்கு ஒரு சாம்பிள் என்று கணக்கு வைத்திருக்கும் எந்த நிரலும் தவறு. இன்டரப்ட் "வந்து பார்" என்று மட்டும்தான் சொல்கிறது. என்ன இருக்கிறது, எத்தனை இருக்கிறது, ஏதாவது இருக்கிறதா என்பதை எல்லாம் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரிடம்தான் கேட்க வேண்டும். அழிக்கும் வரிசையையும் கவனியுங்கள்: ஒன்று எழுதி அழிக்கும் வகை ஸ்டேட்டஸ் என்றால் முதலில் அதை அழித்துவிட்டு அப்புறம் டேட்டாவைப் படியுங்கள். திருப்பிச் செய்தால், இரண்டுக்கும் நடுவில் வந்த சாம்பிளின் அடையாளத்தையும் சேர்த்து அழித்துவிடுவீர்கள். படித்தாலே அழிந்துவிடும் வகையும் உண்டு; டேட்டாஷீட்டில் பாருங்கள்.

கேள்வி: ரீட் ஃபங்ஷனிலும் ஹேண்ட்லரிலும் ஒரே ஸ்பின்லாக் (கிடைக்கும்வரை சிபியு சுற்றிக்கொண்டே காத்திருக்கும் லாக்), இரண்டு இடத்திலும் சாதாரண ஸ்பின்_லாக். வாரக்கணக்கில் ஓடுகிறது, பிறகு ஒருநாள் ஒரு சிபியு உறைகிறது. மறுபடி வரவைக்க முடியவில்லை.
— சர்வர் பக்கம் வேலை செய்யும் வாசகி

பதில்: வரவைக்கலாம், பத்து நிமிடம் போதும். ரீட் ஃபங்ஷன் லாக்கைப் பிடித்திருக்கிறது. அதே சிபியுவில் இன்டரப்ட் வருகிறது. ஹேண்ட்லர் அதே லாக்குக்காகச் சுற்றுகிறது. லாக்கை விட வேண்டியவரோ ஹேண்ட்லருக்குக் கீழே சிக்கிக் கிடக்கிறார். இன்டரப்ட் வேறு சிபியுவுக்குப் போனால் கொஞ்சம் காத்திருந்துவிட்டுப் போய்விடும், ஒன்றும் ஆகாது. பல கோர் இருக்கும் மெஷினில் பெரும்பாலும் அப்படியே தப்பித்துவிடுவதால்தான் வாரக்கணக்கில் ஓடுகிறது.

/ப்ராக்/ஐஆர்க்யூவில் உங்கள் எண்ணுக்குள் இருக்கும் எஸ்எம்பி_அஃபினிட்டியில் ஒரே சிபியுவைக் குறியுங்கள். ஐஆர்க்யூபேலன்ஸ் ஓடினால் அதை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் நீங்கள் குறித்ததை அது மாற்றிவிடும். ரீட் செய்யும் ப்ரோக்ராமையும் டாஸ்க்செட் போட்டு அதே சிபியுவில் கட்டிவிடுங்கள். இன்னும் நல்லது, ப்ரூவ் லாக்கிங் வசதியோடு கெர்னலை பில்ட் செய்வது. அதிலுள்ள லாக்டெப் என்ற சோதனை, மெஷின் உறையும்வரைகூடக் காத்திருக்காது. ஒரே லாக்கை ஒருமுறை ஹேண்ட்லருக்குள்ளும், ஒருமுறை இன்டரப்ட் அணைக்காமல் வெளியிலும் எடுத்ததைப் பார்த்தாலே "இன்கன்சிஸ்டன்ட் லாக் ஸ்டேட்" என்று இரண்டு இடத்தையும் காட்டும்.

மாற்ற வேண்டியது ரீட் பக்கத்தில்: இன்டரப்டையும் சேர்த்து அணைக்கும் ஸ்பின்_லாக்_ஐஆர்க்யூசேவ். ஹேண்ட்லருக்குள் சாதாரண ஸ்பின்_லாக் போதும், லினக்ஸ் 2.6.35-லிருந்து ஹேண்ட்லர்கள் அந்த சிபியுவில் இன்டரப்ட் அணைந்த நிலையில்தான் ஓடுகின்றன. ஹேண்ட்லரிலும் ஐஆர்க்யூசேவ் போடுகிறவர்கள் உண்டு. தப்பில்லை, தேவையுமில்லை.

கேள்வி: இவ்வளவு தொல்லை எதற்கு? இன்டரப்டே இல்லாமல் போலிங் (டிவைஸை நாமே அடிக்கடி கேட்டுப் பார்ப்பது) செய்தால் என்ன?
— பெயர் வேண்டாம் என்ற வாசகர்

பதில்: அதிவேக நெட்வொர்க்கில் பாதி அதுதான் நடக்கிறது. பாக்கெட் மழையாகப் பொழியும்போது சிபியு இன்டரப்டை மட்டுமே கவனித்துக்கொண்டிருக்கும். உள்ளே எடுத்த பாக்கெட்டை அப்ளிகேஷனுக்குக் கொடுக்க நேரமே இருக்காது. எல்லாம் வாங்கி எல்லாவற்றையும் கீழே போடும். ஜெஃப்ரி மோகுல், கே. கே. ராமகிருஷ்ணன் இருவரும் 1996-இல் இதற்கு ரிசீவ் லைவ்லாக் என்ற பெயரில் ஒரு கட்டுரையே எழுதினார்கள். லினக்ஸின் நாப்பி முறையில் முதல் பாக்கெட்டுக்கு இன்டரப்ட் வரும். டிரைவர் உடனே கார்டின் இன்டரப்டை அணைத்துவிட்டுப் போலிங்கில் இறங்கும். ஒரு சுற்றுக்கு வழக்கமாக 64 பாக்கெட். ஒரு சுற்றில் 64-க்குக் குறைவாகக் கிடைத்தால் வேலை தீர்ந்தது என்று பொருள், இன்டரப்டை மறுபடி திறக்கும். நாள் முழுக்கச் சும்மா இருக்கும் டிவைஸைப் போலிங் செய்தால் சிபியுவும் பேட்டரியும்தான் வீண்.

கேள்வி: நிலவில் இறங்கும்போது அப்போலோ 11-இன் கணினி 1202 என்று எச்சரித்தது இன்டரப்ட் புயலால் என்று படித்தேன். சரியா?
— பள்ளி ஆசிரியர்

பதில்: இல்லை, ஆனால் கிட்டத்தட்ட. மேலே சுற்றும் தாய்க்கலத்தைத் தேடும் ரெண்டெவூ ரேடார் பக்கத்திலிருந்து வந்த பல்ஸ்கள் கணினியின் கவுன்ட்டர்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு பல்ஸும் ஒரு மெமரி சைக்கிளை, 11.7 மைக்ரோ நொடியை, கட்டளைகளுக்கு நடுவிலிருந்து திருடிக்கொள்ளும். எந்த ஹேண்ட்லரும் ஓடாது. அதிகபட்சமாக நொடிக்கு 12,800 பல்ஸ். பெருக்கிப் பாருங்கள், 15 சதவீத நேரம் போய்விடும். வேலைகள் முடியாமல் குவிந்து, புது வேலைக்கு ஒதுக்க மெமரி இல்லாமல் போனதைத்தான் 1202 சொன்னது. இன்டரப்டையாவது சாஃப்ட்வேர் சற்று நேரம் தடுத்துவைக்கலாம், இந்தத் திருட்டைத் தடுக்க அதற்கு வழியில்லை.

கேள்வி: விண்டோஸ் டிரைவர் எழுதுகிறவர்களை ஏன் ஒதுக்குகிறீர்கள்?
— கோபமான வாசகர்

பதில்: ஒதுக்கவில்லை, உங்கள் பக்கத்திலிருந்து கடிதம் குறைவு. ஐஎஸ்ஆரில் (விண்டோஸ் பக்கத்தில் ஹேண்ட்லரின் பெயர்) டிவைஸை அடக்கிவிட்டு மிச்ச வேலையை டிபிசியில் (தள்ளிவைத்த வேலைக்கான ஃபங்ஷனில்) வையுங்கள். டிபிசியும் டிஸ்பாட்ச் லெவல் என்ற உயர் முன்னுரிமையில்தான் ஓடுகிறது, அங்கேயும் தூங்க முடியாது, டிஸ்க்குக்குப் பேஜ் அவுட் ஆகக்கூடிய மெமரியைத் தொடவும் முடியாது. "டிரைவர் ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்" என்ற நீலத்திரை பெரும்பாலும் அப்படித் தொட்டதற்கோ, ஏற்கெனவே விடுவித்த மெமரியைத் தொட்டதற்கோ கிடைப்பது. டம்ப் கோப்பிலிருந்து ஸ்டாக்கை எடுத்து அனுப்புங்கள், அடுத்த இதழில் விரிவாகப் பார்க்கலாம்.

லினக்ஸ்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: கடிதத்தோடு /ப்ராக்/இன்டரப்ட்ஸின் நகலை, பத்து நொடி இடைவெளியில் எடுத்த இரண்டு நகலாக, இணைத்துவிடுங்கள். "இன்டரப்ட் வரவில்லை" என்பதற்கும் "வந்தது, என் ஹேண்ட்லர் கண்டுகொள்ளவில்லை" என்பதற்கும் அதில்தான் வித்தியாசம் தெரியும்.